தவறிய ஒரு பிங் எதற்குச் சான்று?

மேசையில் இரண்டு சேர்வர்கள், நடுவில் ஒரு ஸ்விட்ச். முதல் சேர்வரில் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது மென்பொருளால் ஆன ஒரு கணினி, ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மடிக்கணினியின் கறுப்புத் திரையில், அந்த இயந்திரத்திடம் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங்குக்குச் செக்கனுக்கு ஒரு தடவை பதில் வந்து விழுகிறது. பயிற்சி தருபவர் ஒரு கட்டளையைத் தட்டுகிறார். ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த மெய்நிகர் இயந்திரம், அணைக்கப்படாமலே, இரண்டாவது சேர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிங் வரிசையில் ஓர் எண் மட்டும் காணாமல் போயிருக்கிறது. அறையில் இருப்பவர்கள் தலையசைக்கிறார்கள். குறிப்பேட்டில் ‘வெற்றி’ என்று எழுதப்படுகிறது.

மெய்நிகராக்கம் கற்பிக்கப்படும் இடமெல்லாம் இந்தக் காட்சி நடக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு அது வியப்புத்தான். ஓடும் இயந்திரம் ஒன்று தன் நினைவகம், திறந்திருக்கும் இணைப்புகள், பாதியில் நிற்கும் கணக்குகள் அனைத்தோடும் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போகிறது. ஆனால் வியப்பு வேறு, சான்று வேறு. அந்த ‘வெற்றி’ எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதை இந்தக் கட்டுரை எடைபோடுகிறது. இந்த நகர்வை, அதாவது லைவ் மைக்ரேஷனை, ‘இடம்பெயர்வு’ என்று எழுதுவோர் உண்டு. இலங்கையில் அந்தச் சொல் சுமக்கும் துயரம் வேறு. ஆகவே நான் ‘இடமாற்றம்’ என்றே எழுதுகிறேன்.

கண்டியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் முகவரி, நகரிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றின் சேர்வர்களை டேட்டாக் கட்டணமின்றி அணுக மாணவர்களுக்கு வழி செய்யப்பட்டது. அந்த நாட்களில் வளாகத்துக்குள் எங்கோ ஓர் அறையில் இரைந்துகொண்டிருந்த சேர்வர்தான் வகுப்பறை, அதுதான் பரீட்சை மண்டபம். நாவலப்பிட்டியிலோ ஹட்டனிலோ தோட்டத்து வீட்டில் இருந்து, சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடிப் பிடித்துக் கைபேசியில் விடை எழுதும் ஒரு மாணவியை மனதில் வைத்துக்கொள்வோம். இந்தச் சோதனையின் உரைகல் அவள்தான்.

முதலில் இடமாற்றம் நடக்கும் விதம். கண்டியில் ஒரு புடவைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையின் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் புதுப் புத்தகத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். வியாபாரமோ நிற்கக் கூடாது. முதல் சுற்றில் முழுப் புத்தகத்தையும் எழுதி முடிக்கிறார்கள். அதற்குள் பழைய புத்தகத்தில் சில பக்கங்கள் மாறிவிட்டன. இரண்டாம் சுற்றில் மாறிய பக்கங்களை மட்டும் எழுதுகிறார்கள். அதற்குள் இன்னும் சில மாறுகின்றன, ஆனால் முன்னைவிடக் குறைவு. கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய பக்கங்களே மிஞ்சும்போது முதலாளி ஒரு மூச்சு நேரம் விற்பனையை நிறுத்தி, மிச்சத்தை எழுதி முடித்து, புதுக் கட்டடத்தில் கடையைத் திறக்கிறார். இங்கே கணக்குப் புத்தகம்தான் நினைவகம், அதன் ஒரு பக்கம் வழக்கமாக 4 கிலோபைட். முதலாளி கடையை நிறுத்திய அந்த ஒரு மூச்சுத்தான் ‘நிறுத்த நேரம்’. மேசைச் சோதனை அளப்பதாகச் சொல்லிக்கொள்வது இதை மட்டுமே.

இந்த முறையைத் தெளிவாக எழுதிவைத்தது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘சென்’ மென்பொருளை அடியாகக் கொண்டு கிறிஸ்டோபர் கிளார்க் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு. ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த ‘குவேக் 3’ சேர்வரை இடம் மாற்றியபோது நிறுத்த நேரம் 60 மில்லிசெக்கன் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த எண் உலகம் சுற்றியது. அதே ஆய்வில் இருந்த இன்னோர் எண் அவ்வளவு தூரம் போகவில்லை. நினைவகத்தை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு நிரலை, தம் முறையைத் தோற்கடிக்கவென்றே எழுதி, அதையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள். நிறுத்த நேரம் 3.5 செக்கனுக்குப் போயிற்று. ஒரே முறை, இரண்டு வேலைப்பளு, கிட்டத்தட்ட அறுபது மடங்கு வேறுபாடு. தாம் கட்டியது எங்கே முறியும் என்று அவர்களே தேடிப் போய்ப் பார்த்தார்கள். நம் மேசைச் சோதனை அவர்களுடைய 60 மில்லிசெக்கனை எடுத்துக்கொண்டது, அந்தத் தேடலை விட்டுவிட்டது.

பிங்கின் குறை அது அளக்கும் கோலிலேயே தொடங்குகிறது. சாதாரண பிங் செக்கனுக்கு ஒன்றுதான் போகும். நிறுத்த நேரம் 300 மில்லிசெக்கன் என்றால், அந்த இடைவெளிக்குள் ஒரு பிங் வந்து விழும் வாய்ப்பு பத்தில் மூன்று. விழாவிட்டால் ஒன்றுமே தவறாது. ஒரு பிங்கும் தவறவில்லை என்றால், நிறுத்தம் ஒரு செக்கனுக்குக் குறைவு என்று மட்டும் சொல்லலாம். ஒரே ஒரு பிங் தவறியது என்றால், நிறுத்தம் சில மில்லிசெக்கனாகவும் இருக்கலாம், இரண்டு செக்கனுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். அறுபது மில்லிசெக்கனையும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் பிரித்தறிய முடியாத கோலால் அளந்துவிட்டு ‘வெற்றி’ என்று எழுதுகிறோம். பிங்கை ஐம்பது மில்லிசெக்கனுக்கு ஒன்றாக அனுப்பினால் கோல் கூர்மையாகும். அதற்கு ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் போதும். ஆனால் அதுவும் பாதிக் கதைதான். சுற்றுச் சுற்றாக நினைவகம் பிரதியாகும் ஒன்றிரண்டு நிமிடமும் பழைய சேர்வரின் புரொசெஸரும் வலையமைப்பும் இரட்டை வேலை செய்கின்றன. அந்த நேரத்தில் பிங் தவறாது. பக்கம் திறப்பது மட்டும் தாமதமாகும். மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யாவின் குழு 2009இல் இதைத்தான் ஆராய்ந்தது. இடமாற்றத்தின் செலவு பெரும்பாலும் தாங்கக்கூடியதே, ஆனாலும் அதைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் அளந்தது பயனாளர் கேட்ட பக்கம் எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை.

இனி வேலைப்பளு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெய்நிகர் இயந்திரத்தின் நினைவகம் 8 கிகாபைட். சேர்வர்களுக்கு இடையே 1 கிகாபிட் இணைப்பு, அதில் உண்மையில் செக்கனுக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் போகும் என்று வைப்போம். உள்ளே ஓடும் மென்பொருள் செக்கனுக்கு 30 மெகாபைட் அளவுக்கு நினைவகத்தை மாற்றுகிறது. முதல் சுற்று ஏறத்தாழ 74 செக்கன். அதற்குள் மாறியது 2,234 மெகாபைட். அதை அனுப்ப 20 செக்கன், அதற்குள் மாறியது 609. அடுத்து 166, அடுத்து 45, அடுத்து 12. கியூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருள் இயல்பாக வைத்திருக்கும் 300 மில்லிசெக்கன் வரம்புக்குள் 33 மெகாபைட் அனுப்பிவிடலாம். ஆகவே 12 மெகாபைட் மிஞ்சிய இடத்தில் இயந்திரம் நிறுத்தப்பட்டு, பத்தில் ஒரு செக்கனில் வேலை முடிகிறது. மொத்தம் 102 செக்கன். அழகான சோதனை.

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள். பரீட்சை நேரம், தரவுத்தளம் செக்கனுக்கு 120 மெகாபைட் அளவுக்கு நினைவகத்தைத் திருத்துகிறது. அனுப்பும் வேகத்தைவிட மாறும் வேகம் கூடிவிட்டது. எத்தனை சுற்றுப் போனாலும் மிச்சம் குறையாது. அப்போது மென்பொருளுக்கு முக்கியமாக மூன்று வழி. நிறுத்த நேரத்தின் வரம்பைக் கூட்டலாம். சில கருவிகள் கேட்காமலே கூட்டிக்கொள்ளும். அல்லது உள்ளே ஓடும் இயந்திரத்தின் புரொசெஸரை வேண்டுமென்றே மெதுவாக்கலாம். அல்லது முதலில் இயந்திரத்தை அக்கரையில் ஓடவிட்டு, நினைவகத்தைப் பின்னால் தேவைப்படத் தேவைப்பட இழுக்கலாம். கடைசி முறையில் நடுவழியில் வலையமைப்பு அறுந்தால் இரண்டு கரையிலும் முழு இயந்திரம் இருக்காது. மூன்றுக்கும் விலை உண்டு. சும்மா இருக்கும் இயந்திரத்தை இடம் மாற்றிப் பார்த்தவருக்கு இந்த மூன்றில் எது தன்னிடம் நடக்கும் என்று தெரியாது. வெறுமையான இயந்திரத்தில் செய்த சோதனை வெறுமையான இயந்திரத்துக்கே செல்லும்.

நம் நாட்டுக்கே உரிய இன்னோர் இடர் புரொசெஸரில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒரே மாதிரி சேர்வர்களைத் தொகுதியாக வாங்கும். இங்கே 2022இன் முற்பகுதியில் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனது. அப்படிப்பட்ட காலத்தைக் கடந்த சிறு நிறுவனத்தின் சேர்வர் ராக்கில் இரண்டு தலைமுறைப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இயல்பு. இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறை 2013இல் கொண்டுவந்த ‘ஏவிஎக்ஸ்2’ கட்டளைகள் அதற்கு முந்தைய புரொசெஸர்களுக்குத் தெரியாது. மெய்நிகர் இயந்திரத்துக்கு ஹோஸ்ட்டின், அதாவது அதைத் தாங்கும் சேர்வரின், புரொசெஸரை உள்ளது உள்ளபடி காட்டியிருந்தால், பழைய பெட்டியிலிருந்து புதியதற்குப் போகும் பயணம் பெரும்பாலும் சிக்கலின்றி முடியும். புதியதிலிருந்து பழையதற்குத் திரும்பும்போதோ, தனக்குத் தெரியாத கட்டளையைச் சந்திக்கும் கணத்தில் உள்ளே ஓடும் மென்பொருள் விழும். சில கருவிகள் முன்கூட்டியே தடுக்கும், சில தடுக்காது. மருந்து எளியது. இரு பெட்டிக்கும் பொதுவான கீழ்மட்ட மாதிரி ஒன்றைத் தெரிந்தெடுத்து மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். புரொக்ஸ்மொக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளின் 8ஆம் பதிப்பு 2023 முதல் புதிய இயந்திரங்களுக்கு இயல்பாகவே இதைச் செய்கிறது. ஆனால் நோய் இருக்கிறதா என்பது போகும் பயணத்தில் தெரியாது, திரும்பும் பயணத்தில்தான் தெரியும். பெரும்பாலான மேசைச் சோதனைகள் போனதும் முடிந்துவிடுகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு மேசைச் சோதனைக்கு நியாயமும் சொல்ல வேண்டும். அது ஒன்றையும் காட்டவில்லை என்று சொல்வது பிழை. இடமாற்றம் ஒருமுறை முடிந்தது என்றாலே பல விடயங்கள் ஒரே சமயத்தில் சரியாக இருக்கின்றன என்று பொருள். இரு ஹோஸ்ட்டுகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு நம்புகின்றன. இரண்டிலும் வலையமைப்புப் பாலம் ஒரே பெயரில், ஒரே வீலானில் (மெய்நிகர் வலையமைப்புப் பிரிவில்) இருக்கிறது. இயந்திரத்தின் டிஸ்க்கை இரண்டும் பார்க்கின்றன, அல்லது ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிரதி எடுக்க முடிகிறது. இயந்திரம் இனி இந்தப் பக்கம் இருக்கிறது என்ற செய்தி ஸ்விட்ச்சுக்குப் போய்ச் சேர்ந்து, அதுவும் தன் அட்டவணையைத் திருத்திக்கொண்டது. இவற்றில் எது தவறினாலும் இடமாற்றம் முடியாது, அல்லது பிங் திரும்பி வராது. தொழிலுக்குப் புதியவருக்கு இந்தப் பாடம் பெறுமதியானது. ஆக மேசைச் சோதனை அமைப்பைச் சரிபார்க்கும். அமைப்பின் தாங்குதிறனைச் சொல்வது அதன் வேலையல்ல. குறை, அதன் பெறுபேற்றைப் பின்னையதற்குச் சான்றாகக் காட்டுவதில் இருக்கிறது.

அப்படிக் காட்டப்படும்போது மூன்று விதமான உரிமைகோரல்கள் எழுகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

முதலாவது, ‘இனிப் பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்த வேண்டியதில்லை’ என்பது. இது உண்மை, பெரிய உண்மை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புரொசெஸர் ஓட்டைகள் வெளியே வந்தபோது உலகமெங்கும் ஹோஸ்ட் கணினிகளுக்குத் திருத்தம் போட்டு மீள இயக்க வேண்டியிருந்தது. இடமாற்றம் இல்லாத இடத்தில் ஒரு ஹோஸ்ட்டை மீள இயக்கினால் அதன் மேல் ஓடும் எல்லாச் சேவையும் விழும். ஆகவே திருத்தம் அடுத்த விடுமுறைக்கு, அதற்கடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போகும். இடமாற்றம் உள்ள இடத்தில் ஒரு ஹோஸ்ட்டை வெறுமையாக்கி, திருத்தி, மீள இயக்கிவிட்டு மற்றதற்குப் போகலாம். கூகிள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி அவர்கள் தம் சேர்வர் கூட்டத்தில் மாதம் 10 லட்சம் இடமாற்றங்கள் செய்தார்கள். நிறுத்த நேரத்தின் இடைநிலை 50 மில்லிசெக்கன், நூற்றில் தொண்ணூற்றொன்பது 124 மில்லிசெக்கனுக்குள் முடிந்தன. இந்தத் தொழில்நுட்பம் முதிர்ந்தது என்பதில் ஐயமில்லை. அவர்களிடம் இருக்கும் வலையமைப்பு நம்மிடம் இல்லை. ஆனாலும் இந்த ஒரு பயனுக்கு நம் 1 கிகாபிட் இணைப்பே போதும். இரவு பதினொரு மணிக்கு, ஆட்கள் குறைந்த நேரத்தில் செய்யலாம்.

இரண்டாவது, ‘ஒரு சேர்வர் விழுந்தாலும் மற்றது தாங்கும்’ என்பது. இதை மேசைச் சோதனை நிறுவவில்லை, நிறுவவும் முடியாது. இடமாற்றத்துக்கு இரண்டு சேர்வரும் உயிரோடு இருக்க வேண்டும். பிரதி எடுத்துக் கொடுக்கப் பழைய கணக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும் அல்லவா? செத்த சேர்வரிடமிருந்து நினைவகத்தை வாங்க வழியில்லை. அந்த நேரத்தில் நடப்பது இடமாற்றமே அல்ல. இன்னொரு ஹோஸ்ட்டில் இயந்திரத்தை அடியிலிருந்து மீளத் தொடக்குவது அது. நினைவகத்தில் இருந்தது போயிருக்கும், டிஸ்க்கில் எழுதப்பட்டது மட்டும் மிஞ்சும்.

அதற்கும் இரண்டு ஹோஸ்ட் மட்டும் உள்ள அமைப்பில் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. கூட்டாக இயங்கும் ஹோஸ்ட்டுகள் பெரும்பான்மை வாக்கில் முடிவெடுக்கின்றன. இரண்டில் பெரும்பான்மை என்றால் இரண்டு. ஒன்று விழுந்ததும் மிஞ்சியது தன் ஒற்றை வாக்கோடு நிற்கிறது. புரொக்ஸ்மொக்ஸ் போன்ற அமைப்பில் அது புதிதாக எந்த இயந்திரத்தையும் தொடக்க மறுக்கும். மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. நடுவில் இருந்த கேபிள் மட்டும் அறுந்து, இருவரும் உயிரோடு இருந்து, இருவரும் ஒரே இயந்திரத்தை ஒரே டிஸ்க்கின் மேல் தொடக்கிவிட்டால் தரவு சிதையும். அதைத் தவிர்க்கவே இந்தக் கட்டுப்பாடு. மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய கணினி போதும், ராஸ்பெரி பை கூடப் போதும். ஆனால் இரண்டு பெட்டியை வைத்து, இரண்டும் ஓடும்போது மட்டும் சோதித்தவர் இந்த மூன்றாவது வாக்கின் தேவையைச் சேர்வர் விழுந்த அன்றுதான் அறிவார். டிஸ்க்கும் அப்படித்தான். இரண்டு ஹோஸ்ட்டும் ஒரே சேமிப்புப் பெட்டியைப் பார்க்கின்றன என்றால் இடமாற்றம் விரைவாக நடக்கும். அந்த ஒற்றைப் பெட்டி விழுந்தால் இரண்டு ஹோஸ்ட்டும் சேர்ந்தே விழும். இரண்டு தூண் வைத்துக் கட்டியதாக நினைத்த வீடு ஒரே கல்லில் நிற்கிறது.

மின்சாரத்தையும் இங்கேயே பேச வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஏ, பி, சி என்று பிரதேசங்களைப் பிரித்து நேர அட்டவணை வெளிவந்தது. ‘மின்சாரம் போனால் இயந்திரங்களை மற்ற சேர்வருக்கு மாற்றிவிடலாம்’ என்ற பேச்சை அந்த நாட்களில் கேட்டிருக்கிறேன். கணக்குப் பார்ப்போம். தலா 16 கிகாபைட் கொண்ட ஆறு இயந்திரங்கள் என்றால் 96 கிகாபைட். 1 கிகாபிட் இணைப்பில் முதல் சுற்றுக்கே ஏறத்தாழ 15 நிமிடம். யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும் என்றால் பாதி வழியில் இருள். 10 கிகாபிட் இணைப்பில் ஒன்றரை நிமிடத்தில் முடியும். ஆனால் எங்கே மாற்றுவது? இரண்டு சேர்வரும் ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தால் மாற்றிப் பயனில்லை. அட்டவணைப்படி வரும் மின்வெட்டுக்கு இயந்திரங்களை ஒழுங்காக அணைத்து, மின்சாரம் வந்ததும் ஒழுங்காகத் தொடக்குவதே நேர்மையான வழி. அட்டவணையின்றி வரும் இருட்டடிப்புக்கு இடமாற்றம் உதவாது. 2020 ஓகஸ்ட் 17இலும் 2025 பெப்ரவரி 9இலும் நாடு முழுவதும் மின்சாரம் போனது. இரண்டும் முன்னறிவித்து வரவில்லை.

மூன்றாவது, ‘தரவு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு’ என்பது. மூன்றிலும் மிக ஆபத்தானது இது. இடமாற்றம் பிரதி எடுப்பதல்ல. முடிந்ததும் பழைய இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. சேமிப்பை இரு ஹோஸ்ட்டுக்கும் தொடர்ந்து படியெடுத்தாலும், ஒன்றில் நேர்ந்த அழிவு சில நிமிடத்தில் மற்றதற்கும் படியும். 2023இல் இலங்கை அரசின் முகிற்கணினியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. ஓகஸ்ட் கடைசியில் ரான்சம்வெயார் தாக்குதலில் அரச மின்னஞ்சல்கள் பூட்டப்பட்டன. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலப் பகுதிக்கான, வேறாக எடுத்து வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. பூட்டப்பட்ட இயந்திரத்தை எத்தனை அழகாக இடம் மாற்றினாலும் அது பூட்டோடுதான் போகும். 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்களின் ‘ஜி-டிரைவ்’ சேமிப்பில் இருந்த 858 டெராபைட் போனது. வேறிடத்தில் பிரதி இல்லை. பணமும் திறமையும் உள்ள நாடுகளும் இந்த இடத்தில் தவறுகின்றன என்றால், காரணம் தொழில்நுட்பக் குறை அல்ல. எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்காமல் நம்பினோம் என்பதுதான் காரணம்.

இப்போது அந்த மாணவியிடம் திரும்புவோம். அவள் மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் வினாக்களுக்கு விடை எழுதுகிறாள். நடுவில் சேர்வர் அரைச் செக்கன் நின்றால் அவளுக்குத் தெரியாது. டிசிபி நெறிமுறை தொலைந்த பொதியைத் தானே மீள அனுப்பிக்கொள்ளும். மூன்று செக்கன் நின்றாலும் பெரிய தீங்கில்லை. மூடுலின் வினாப் பகுதி இயல்பாக நிமிடத்துக்கு ஒரு தடவை விடைகளைத் தானாகச் சேமிக்கிறது. மலைச்சரிவில் அவளுடைய சிக்னல் போய் வருவது இதைவிட அதிக நேரம் எடுக்கும். அப்படியென்றால் 60 மில்லிசெக்கனா 300 மில்லிசெக்கனா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. நேற்று அவள் சமர்ப்பித்த விடைத்தாள் நாளை காலையிலும் அங்கே இருக்கிறதா என்பதே பொருட்டு. ஹோஸ்ட் எரிந்தாலும், டிஸ்க் செத்தாலும், யாரோ பூட்டினாலும் அது மீண்டு வருமா என்பதே பொருட்டு. மேசைச் சோதனை அவளுக்கு ஆகக் குறைவாகத் தேவையானதைக் கவனமாக அளக்கிறது. ஆகக் கூடுதலாகத் தேவையானதைத் தொடுவதே இல்லை. என் குற்றச்சாட்டின் மையம் இதுதான்.

‘சிறிய மையம், இரண்டே பேர் வேலை, இவ்வளவு சோதிக்க நேரம் ஏது’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது புதுக் கருவி எதையும் அல்ல. அதே இரண்டு பெட்டி, அதே ஸ்விட்ச், இன்னும் ஒரு நாள். அந்த நாளில் ஐந்து காரியம். இயந்திரத்துக்குள் தரவுத்தளத்தை ஓடவிட்டு, இடைவிடாமல் எழுதவைத்து, இடம் மாற்றி, எழுதியது ஒன்றும் தொலையவில்லையா என்று எண்ணிப் பார்ப்பது. போன இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. இடமாற்றத்தின் நடுவே கேபிளைக் கழற்றுவது. ஒரு ஹோஸ்ட்டின் மின்சாரத்தைச் சொல்லாமல் பிடுங்கி, மற்றது என்ன செய்கிறது, சேவை எத்தனை நிமிடத்தில் திரும்புகிறது என்று மணிக்கூட்டில் பார்ப்பது. இறுதியாக, இரண்டு ஹோஸ்ட்டும் இல்லை என்று வைத்துக்கொண்டு, பெக்கப்பிலிருந்து மூன்றாவது கணினி ஒன்றில் இயந்திரத்தை எழுப்புவது. ஐந்தாவதில் தோற்றவர் முதல் நான்கில் வென்றதைப் பெருமையாகச் சொல்லக் கூடாது.

புரோட்கொம் 2023 நவம்பரில் வீஎம்வெயாரை வாங்கி, உரிம முறையை மாற்றியதன் பின்னர் பல நிறுவனங்கள் வேறு மெய்நிகராக்க மென்பொருளுக்கு மாறிவருகின்றன. மாறும்போது பழைய நம்பிக்கைகளையும் சோதிக்காமல் கூடவே தூக்கிக்கொண்டு போவது எளிது. ஆகவே தீர்ப்பை மயக்கமின்றிச் சொல்ல விரும்புகிறேன். பராமரிப்புக் கருவியாக லைவ் மைக்ரேஷன்: ஏற்கத்தக்கது, இரண்டு சேர்வர் உள்ள ஒவ்வொரு மையமும் கைக்கொள்ள வேண்டியது. பயிற்சிப் பாடமாக மேசைச் சோதனை: நல்ல தொடக்கம், அங்கேயே நின்றால் தீங்கு. சேர்வர் விழுவதற்கு எதிரான காப்பாக: மூன்றாவது வாக்கும், ஒன்றையொன்று சாராத சேமிப்பும் மின்சாரமும் இல்லாதவரை ஏற்க முடியாது. காப்புப் பிரதிக்கு மாற்றாக: முற்றாக நிராகரிக்க வேண்டியது.

குறிப்பேட்டில் ‘வெற்றி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக ஐந்து வரி எழுதலாம். செக்கனுக்கு எவ்வளவு நினைவகம் மாறும்போது மாற்றினோம். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு, திரும்பி வந்ததா. நடுவில் கேபிளைக் கழற்றியபோது என்ன நடந்தது. மின்சாரத்தைப் பிடுங்கியபோது சேவை எத்தனை நிமிடத்தில் திரும்பியது. பெக்கப்பிலிருந்து கடைசியாக எந்தத் திகதியில் மீட்டெடுத்தோம். ஐந்தாவது வரி வெறுமையாக இருந்தால், மேலே உள்ள நான்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த மாணவியின் விடைத்தாளுக்கு நாம் இன்னும் பொறுப்பேற்கவில்லை.